உளியும் கணினியும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணினிவழி முப்பரிமாண உருவமைப்புக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். முறையான வினாவே. தச்சனின் கருவிக்கும் குயவனின் சக்கரத்திற்கும் மரக்கலத்தின் உறுப்புக்கும் தமிழ் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறது. தொழில் வளர்ந்த இடத்திலேயே சொல்லும் வளர்ந்தது. தொழில் அகன்றால் சொல்லும் அதனுடன் அகலும். ஆதலின் நம் மண்ணின் கைத்தொழில் எத்திசையில் செல்கிறது என்பது தமிழ் பயில்வோரின் கவலையும் ஆகும்.

2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு மரச்சிற்பம் நெடுநாளைய பெருமை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் இக்கலை வாழ்கிறது. மதுரையிலிருந்து பெயர்ந்து வந்த சிற்பியர் வழியே இஃது இங்கு வேரூன்றியது என்பர். 2021ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழத்தக்க செய்தியே. எனினும் புவிசார் குறியீடு பெயருக்குக் காவலாகுமேயன்றி, அடுத்த தலைமுறையின் கைக்குத் திறனைத் தந்துவிடாது.

இன்று கணினி இயக்கும் செதுக்கு இயந்திரங்கள் தமிழகமெங்கும் மரப்பட்டறைகளில் இடம்பெற்றுவிட்டன. சிற்பி பல நாள் அமர்ந்து செதுக்கும் கதவுப் பலகையை அவை சில மணி நேரத்தில் முடிக்கின்றன. அவ்வியந்திரத்திற்கு மரத்துடன் இன்னொன்றும் வேண்டும்: செதுக்கவேண்டிய உருவத்தின் கணினிக் கோப்பு. எங்கோ ஒருவர் உருவாக்கி விற்ற கோப்பை விலைக்கு வாங்கி, ஒரே மயிலையும் ஒரே தாமரையையும் ஊர்தோறும் கதவுகளில் பதிப்பது எளிதாகிவிட்டது. இயந்திரம் வந்ததே கேடு என்று நாம் கூறவில்லை. உருவத்தைப் படைக்கும் அறிவு வேறிடத்தில் இருக்க, பொத்தானை அழுத்தி மரத்தூளைப் பெருக்கும் பணி மட்டும் நம் பிள்ளைகளுக்கு எஞ்சுமானால், அதுவே கேடு.

இவ்வறிவு எட்டாக்கனி அன்று. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்னும் ஆய்வு மாணவர் ஒளிப்பேனா கொண்டு கணினித் திரையில் வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ அமைப்பைப் படைத்தார். அதே காலப்பகுதியில் பிரான்சு நாட்டுக் கார்த் தொழிற்சாலைகளில் வேறொரு சிக்கல் எழுந்தது. காரின் மேற்கூட்டு வளைவுகள் வரைபடத்தில் ஒருவாறும், கையாற் செய்த மாதிரியில் வேறொருவாறும் அமைந்தன. அவ்வளைவைக் கணக்கால் குறிக்கும் வழியைச் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேயும் கண்டனர். தொழிற்கூடத்தின் தேவையே இக்கலையைப் பெற்றெடுத்தது என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

இதன் அடிப்படைகளோ நம் இல்லத்தார் அறிந்தவை. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அச்சுகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் குறிப்பது முதற்பாடம். ஒரு தட்டை வடிவத்தை வரைந்து அதனை ஒரு திசையில் நீட்டித் திண்மம் ஆக்குவது இரண்டாவது. முறுக்கு அச்சின் துளை வடிவே மாவின் வடிவாக நீண்டு இறங்குவதை நம் அன்னையர் நாளும் காட்டுகின்றனர். பாதி வடிவை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றி முழு உருவம் பெறுவது மூன்றாவது; இது குயவரின் சக்கரமும் கடைசற்காரரின் பட்டறையும் அறிந்தது. ஒரு திண்மத்திலிருந்து இன்னொரு திண்மத்தைக் கழிப்பது நான்காவது. சிற்பியின் வேலை முழுவதும் இக்கழித்தலே.

அங்ஙனமாயின் நம் இளைஞர்கள் எங்கே தடுமாறுகின்றனர்? மென்பொருளின் பொத்தான்களைக் கற்பதையே கல்வி என மயங்குவதில்தான். திரையில் தோன்றும் உருவத்திற்கு எடையில்லை. அதில் மரத்தின் இழையோட்டம் தெரியாது. இழைக்குக் குறுக்கே மெலிந்து நிற்கும் ஒரு விரல் சிறு அடியிலும் ஒடியும் என்பதைச் சிற்பியின் உள்ளங்கை அறியும். திரை மட்டும் பழகியவர் ஒடிந்த பின்னரே அறிவார். அளவு, பொருள், பயன்படுத்துவோரின் கை ஆகிய மூன்றையும் கணக்கிற்கொள்வதே தொழில்சார் வடிவமைப்பு.

1958ஆம் ஆண்டு அமெரிக்க வடிவமைப்பாளர் சார்ல்ஸ், ரே ஈம்சு இணையர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் வியந்து போற்றியது நம் வீட்டுச் சொம்பை ஆகும். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், இடுப்பில் எவ்வாறு அமரவேண்டும், ஊற்றும்போது எவ்வாறு சாயவேண்டும், உட்புறம் கழுவக் கை நுழையுமா என்னும் வினாக்களுக்கெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தீட்டப்பட்ட விடை அச்சொம்பு என்று அவர்கள் உணர்ந்தனர். அவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

அதே வினாக்களை நம் வயல்களிலும் கேட்கலாம். நம் மாவட்டத்தில் மரவள்ளி பெருமளவில் விளைகிறது. நாள் முழுதும் கிழங்கின் தோலைச் சீவும் பெண்ணின் கைக்குக் கத்தியின் பிடி எவ்வளவு பருமன் இருந்தால் நோகாது? இவ்வினாவை எடுத்துக்கொண்டு, அளந்து, வரைந்து, கணினியில் உருவமைத்து, மரத்தில் செய்து, அப்பெண்ணிடமே கொடுத்துக் கருத்துக் கேட்கும் மாணவர் இக்கலையின் அடிப்படையைக் கற்றவராவார்.

சமுதாயப் பெரியோர் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். சிற்பியர் செதுக்குவன பெரும்பாலும் அவர்தம் சமயம் சார்ந்த திருவுருவங்கள். நம் பிள்ளைகள் அங்கே கற்பதற்கு என்ன உண்டு என்பர். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல் தூண்களைக் கண்டோர் இவ்வாறு வினவார். அங்கே மனித, விலங்கு உருவங்கள் இல்லை. பூவும் கொடியும் உள்ளன. கல்லைக் கையாண்ட திறனோ தமிழகக் கோயில் தூண்களைக் கண்ட மரபினது. சமயம் வேறாயினும் அளவும் கைத்திறனும் பொதுவுடைமை. அவரவர் நெறி வழுவாமல் பிறரிடம் தொழில் கற்பதை நம் முன்னோர் இழிவாகக் கருதியதில்லை.

1206ஆம் ஆண்டில் பொறிகள் பலவற்றின் அமைப்பையும் செய்முறையையும் படங்களுடன் எழுதிவைத்த அல்ஜஸரியை மேடைதோறும் புகழ்கிறோம். புகழ்ச்சியால் மட்டும் அவர் வழித்தோன்றல்கள் ஆகிவிட மாட்டோம். தாம் செய்தறிந்ததைப் பிறரும் செய்யுமாறு எழுதிவைத்தார் என்பதே அவரிடம் நாம் கற்கவேண்டிய பாடம்.

ஆகவே கல்லூரி நிருவாகத்திற்கும் ஜமாஅத் பெரியோர்க்கும் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஓர் அறையும் சில கணினிகளும் தொடக்கத்திற்குப் போதும். ‘பிளெண்டர்’, ‘ஃப்ரீகேட்’ ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பவை. முன்னது 2002ஆம் ஆண்டு பயனர்களின் நன்கொடையால் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பின்னது 2024 நவம்பரில் தன் முதலாம் முழுமைப் பதிப்பை எட்டியது. சென்னை, கோவை சென்று கட்டணம் செலுத்திக் கற்க இயலாத மாணவியரும், கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து இறங்கி வந்து பயிலும் மாணவரும் இவற்றால் பயன்பெறுவர்.

அவ்வறையில் முதல் மாதம் கணினியைத் திறக்க வேண்டா. மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுப் பொருள் ஒன்றை அளந்து, மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் நோக்கி மூன்று படங்கள் வரையட்டும். அப்பயிற்சிக்கு நம் வட்டாரச் சிற்பி ஒருவரை ஆசிரியராக அழைத்து, வருகைப் பேராசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் வழங்குவோம். மாணவரோ தாம் கற்ற கணினிக் கலையைச் சிற்பியின் மக்களுக்குக் கற்பிக்கட்டும். தம் உருவங்களைத் தாமே கோப்பாக்கத் தெரிந்த சிற்பியின் மகன் இயந்திரத்திற்கு அஞ்சவேண்டுவதில்லை. முரட்டு வேலையை அதனிடம் விட்டு, முகத்தின் நுண்மையைத் தன் உளிக்கு வைத்துக்கொள்வான்.

தமிழ்த்துறைக்கும் ஒரு கடமை உண்டு. சிற்பியர் வாயில் வழங்கும் தொழிற்சொற்களைப் பட்டறைகளுக்குச் சென்று கேட்டுத் தொகுக்க வேண்டும். கணினிக் கலையின் கூறுகளுக்கு அவற்றிலிருந்தே பெயரிட இயலுமா என்று ஆராய வேண்டும். அகராதியைப் புரட்டி ஆக்கும் சொல்லைவிடக் கொட்டாப்புளியின் ஓசையோடு வாழும் சொல் நிலைத்து நிற்கும்.

கல்வி தேடுவதைக் கடமையாகக் கொண்ட சமுதாயம் நம்முடையது. தேடவேண்டிய கல்வி இப்போது நம் ஊர்ப் பட்டறை வாயிலிலேயே இருக்கிறது. அதனைத் திரையில் ஏற்றும் கருவியும் விலையின்றிக் கிடைக்கிறது. முதிய சிற்பியரின் கைகள் ஓய்வதற்குள் இவ்விரண்டையும் இணைக்கும் பணியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.