அகல் விளக்கு விளையாட்டுக்கு அரங்கில் இடம் உண்டா? ஹேக்கத்தான்களும் தொடக்கநிலை மாணவர்களும்

திரையின் மேலிருந்து அகல் விளக்குகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. கீழே நகரும் தட்டில் அவற்றைத் தாங்கினால் மதிப்பெண் கூடும். பட்டாசு பட்டால் ஆட்டம் முடியும். தீபாவளியைக் கருப்பொருளாகக் கொண்ட இத்தகைய எளிய வீடியோ கேம், நிரலாக்கத்தைக் கற்கத் தொடங்கிய கல்லூரி மாணவர்கள் ஓரிரு நாள் ஹேக்கத்தானில் செய்து முடிக்கக் கூடியது. ஆனால், நாட்டின் பெரிய ஹேக்கத்தான்கள் இவர்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை அல்ல.

2017-இல் தொடங்கப்பட்ட 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' இதற்கு எடுத்துக்காட்டு. மத்திய அமைச்சகங்களும் நிறுவனங்களும் முன்வைக்கும் சிக்கல்களுக்கு, ஆறு பேர் கொண்ட மாணவர் குழுக்கள் தீர்வு காண்கின்றன. மென்பொருள் பிரிவின் இறுதிச்சுற்று 36 மணி நேரம் நீடிக்கும். அதன் நோக்கம் சிறப்பானது. பல மாணவர்களுக்கு வாய்ப்பின் வாசலைத் திறந்ததும் அதுவே. எனினும், இறுதிச்சுற்றுக்கான தேர்வு யோசனை விளக்கங்களின் அடிப்படையில் நடைபெறுகிறது. இம்முறையைப் பின்பற்றும் போட்டிகளில், அனுபவம் குறைந்த மாணவரிடம் விளக்கப்படம் தயாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டு, நிரல் எழுதும் பணி மூத்தவர்களிடமே தங்கிவிடும் அபாயம் உள்ளது.

சிறியதில் அடங்கியிருப்பது என்ன?

விழும் விளக்கைப் பிடிக்கும் ஆட்டத்தில் நிரலாக்கத்தின் அடிப்படைகள் ஏறத்தாழ அனைத்தும் உள்ளன. மதிப்பெண்ணைச் சேமிக்க மாறி, விளக்கு தட்டைத் தொட்டதா என அறிய நிபந்தனை, காட்சியை நொடிக்குப் பலமுறை புதுப்பிக்க மடக்கு ஆகியவை தேவை. பிழை நேர்ந்தால் விளக்கு தட்டை ஊடுருவிச் செல்லும். தவறு கண்ணுக்கு நேரே தெரியும். பண்டிகை அனைவரும் அறிந்தது என்பதால், கதையை விளக்குவதற்கும் நேரம் செலவாவதில்லை. 'ஸ்கிராட்ச்', 'கோடோ' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

உலக அளவில் இதற்கு முன்மாதிரி உண்டு. 2009 முதல் நடைபெறும் 'குளோபல் கேம் ஜாம்' நிகழ்வில் கருப்பொருள் அறிவிக்கப்படும். ஆனால் வெற்றியாளர் அறிவிக்கப்படுவதில்லை. குறுகிய காலத்தில் ஒரு விளையாட்டைச் செய்து முடிப்பதே அங்கு இலக்கு.

கொள்கையும் நிலவரமும்

2021 ஜூனில் நடைபெற்ற 'டாய்கத்தான்' இறுதிச்சுற்றின்போது, பெரும்பாலான டிஜிட்டல் விளையாட்டுகளின் கருத்தாக்கம் இந்தியத்தன்மை கொண்டதல்ல என்று பிரதமர் மோடி சுட்டிக்காட்டினார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்ததுடன், மின்விளையாட்டுகளையும் சமூக, கல்வி விளையாட்டுகளையும் ஊக்குவிக்க வழிவகுத்தது. அவற்றை உருவாக்கப் போகிறவர்கள் இன்றைய தொடக்கநிலை மாணவர்களே.

அவர்கள் அனைவரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 யூடைஸ் பிளஸ் அறிக்கையின்படி, நாட்டில் 64.7 சதவீதப் பள்ளிகளில் கணினி வசதியும், 63.5 சதவீதப் பள்ளிகளில் இணைய வசதியும் உள்ளன. முந்தைய ஆண்டைவிட இது முன்னேற்றம் என்றாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கணினி இல்லை. அங்கிருந்து வரும் மாணவருக்குக் கல்லூரி ஹேக்கத்தானே முதல் களமாக அமையலாம். அங்கு வேடிக்கை பார்ப்பவராக அமர்த்தப்பட்டால், அவர் மீண்டும் வராமல் போகக்கூடும்.

செய்யக் கூடியவை

தொடக்கநிலையினருக்குத் தனிப் பிரிவு அமைப்பது முதல் தேவை. யோசனையின் பிரம்மாண்டத்தைவிட, இயங்கும் நிலையில் முடிக்கப்பட்ட படைப்புக்கு அங்கு மதிப்பளிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிகளில் நிரல் எழுதித் தரும் இக்காலத்தில், நடுவர்கள் கூடுதலாக ஒரு சோதனை வைக்கலாம்: "விளக்கு விழும் வேகத்தை மதிப்பெண்ணுக்கு ஏற்பக் கூட்டிக் காட்டுங்கள்." புரிந்து எழுதியவர் அதைச் சில நிமிடங்களில் செய்து காட்டுவார், நகலெடுத்தவர் தடுமாறுவார்.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மதிப்பீட்டுத் தாளில் சில வரிகளும், குழுக்களுக்கு இடையே நடமாடி ஐயம் தீர்க்கும் வழிகாட்டிகளும் போதும். பெரிய தீர்வுகளை எதிர்பார்க்கும் நாடு, அவற்றை நாளை எழுதப் போகும் கைகள் இன்று செய்யும் சிறிய விளையாட்டையும் கணக்கில் கொள்வது அவசியம்.