கற்பிக்கச் சென்றவரின் முதற்பாடம்

ஆசிரியர் கொடுப்பவர், மாணாக்கர் பெறுபவர். இவ்வாறு எண்ணுவதே உலக வழக்கு. தாய்நாட்டை விட்டுக் கடல் கடந்து, பெரும் ஊதியம் கருதாமல், ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றில் பாடம் சொல்லச் செல்லும் தொண்டாசிரியரைப் பற்றிப் பேசும்போது இவ்வெண்ணம் இன்னும் வலுப்பெறுகிறது. அவர் வள்ளல் ஆகிவிடுகிறார்; அவ்வூர் மக்கள் இரவலர் ஆகிவிடுகின்றனர். இக்கருத்து எனக்கு உடன்பாடன்று. அங்கே முதலில் மாணவராக அமர வேண்டியவர் அவரே. அமர மறுப்பாராயின், அவர் மேற்கொண்டது பயணமேயன்றித் தொண்டாகாது என்பதே என் துணிபு.

இத்தகைய தொண்டுக்கு நெடிய வரலாறு உண்டு. 1958இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் என்பார் வி.எஸ்.ஓ. என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். 1961 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி ‘பீஸ் கோர்’ என்னும் தொண்டர் அமைப்பை நிறுவினார். அதே ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், அவ்வமைப்பின் முதற்குழுவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கானா நாட்டின் அக்ரா விமான நிலையத்தில் வந்திறங்கினர். பள்ளிகளில் பாடம் சொல்ல வந்தவர்கள் அவர்கள். தங்களை வரவேற்கக் காத்திருந்த கல்வி அமைச்சரின் முன் நின்று, அந்நாட்டின் ட்வி மொழியில் ஒரு பாட்டைப் பாடினார்கள். உச்சரிப்பு எவ்வாறு இருந்திருப்பினும், தம் மொழியில் விருந்தினர் வாய் திறந்ததை அம்மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவை எடுத்துக்கொள்வோம். கணிதமும் அறிவியலும் கற்பிக்க இரண்டாண்டுகளுக்கு அங்கே செல்லும் பீஸ் கோர் தொண்டர், பணியேற்கும் முன் சில வாரங்கள் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்கிச் சுவாகிலி மொழியைப் பயில்கிறார். பொழுதைக் கணக்கிடுவதே அவருக்கு முதற்சோதனை. நாம் காலை ஏழு மணி என்பதை அம்மக்கள் ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி என்பர். கதிரவன் எழுவதிலிருந்து பொழுதை எண்ணுவது அவர் மரபு. உதயம் தொட்டு நாழிகை எண்ணிய நம் முன்னோர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால், ‘இரண்டு மணிக்குக் கூட்டம்’ என்று கேட்டு உச்சிப்பொழுது கழிந்து செல்லும் புதியவர், காலை எட்டு மணிக்கே கூட்டம் கூடிக் கலைந்துவிட்டதை அறிந்து நாணுவார்.

நாள்தோறும் இவ்வாறே பாடங்கள் தொடர்கின்றன. குழாய் இல்லாத ஊரில் வாளியில் நீர் சுமக்கப் பழகுகிறார். வாசலில் நின்று ‘ஹோதி’ என்று குரல் கொடுப்பவரைக் ‘கரிபு’ என்று வரவேற்கக் கற்கிறார். மூத்தோரைக் கண்டால் ‘ஷிகாமூ’ என்று பணிய வேண்டும். அவர்கள் ‘மரஹாபா’ என்று ஏற்பார்கள். மக்காச்சோள மாவில் கிளறிய ‘உகாலி’ என்னும் களியைக் கையால் உருட்டிப் பயற்றுக் குழம்பில் தோய்த்து உண்கிறார். பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லையெனில், தீர்ந்துபோன டார்ச் மின்கலத்தை உடைத்து அதன் கரும்பொடியை எடுத்து, மருந்துக்கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டு, ஆக்சிஜன் குமிழியிட்டு எழுவதைக் காட்டலாம். இல்லாமையை அவ்வூர் எவ்வாறு சமாளிக்கிறது என்பதைக் கண்டறிந்தவருக்கே இத்தகைய உத்தி தோன்றும்.

இவை அனைத்தினும் கடினமான பாடம் வகுப்பறைக்குள் காத்திருக்கிறது. தான்சானியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏழாண்டுகள் சுவாகிலி வழியே கற்ற பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்தவுடன் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கேட்க நேர்கிறது. தேர்வும் ஆங்கிலத்திலேயே. தொண்டாசிரியர் தம் தாய்மொழியில் சரளமாக விளக்கிவிட்டுப் ‘புரிந்ததா?’ என்று வினவுகிறார். ‘புரிந்தது’ என்று வகுப்பு ஒரே குரலில் விடை கூறுகிறது. தேர்வுத்தாளைத் திருத்தும் இரவில்தான் அவ்விடையின் பொருள் அவருக்கு விளங்குகிறது. அறிவில் குறைந்த பிள்ளைகள் அல்லர் அவர்கள். அறிவு நுழைய வேண்டிய வாயில் அடைபட்டுக் கிடக்கிறது. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் பூவையும் உவமை கூறும் நன்னூல், கற்பவர் ஏற்கும் வகையறிந்து கற்பிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. ஏற்கும் வகையை அறிய, ஏற்பவரின் மொழியை அறிந்தாக வேண்டுமன்றோ?

இதைத் தொலைதூரத்துச் செய்தி என்று நாம் ஒதுக்க இயலாது. சில ஆண்டுகளுக்கு முன், தமிழ் வகுப்பு முடிந்ததும் முதலாண்டு வணிகவியல் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். செய்யுளில் ஐயம் கேட்பார் என்று எண்ணினேன். அவரோ கணக்குப்பதிவியல் நூலை விரித்து, ‘டிப்ரீசியேஷன்’ என்ற சொல்லைக் காட்டி, “இதற்கு என்ன பொருள் ஐயா?” என்றார். “தேய்மானம்” என்றேன். “இவ்வளவுதானா ஐயா! எங்கள் வீட்டுத் தையல் இயந்திரம் தேய்வதைத்தான் சொல்கிறார்களா?” என்று அவர் முகம் மலர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் வழியில் கற்றுவந்த அவர், அதுவரை எத்தனை வகுப்புகளில் ‘புரிந்தது’ என்று தலையசைத்திருப்பாரோ! அன்று முதல் தான்சானிய வகுப்பறை எனக்கு அயலூராகத் தோன்றுவதில்லை.

அம்மொழியும் நம் செவிக்கு முற்றிலும் அயலன்று. அரபு மொழியிலிருந்து சுவாகிலி ஏற்றுக்கொண்ட ‘கிதாபு’ நூலைக் குறிக்கும். ‘எலிமு’ கல்வியைக் குறிக்கும். ‘துனியா’ உலகைக் குறிக்கும். ஓதும் பள்ளியில் கிதாபும் இல்மும் துன்யாவும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இவை அறிந்த சொற்களே. ‘முஅல்லிம்’ அங்கே ‘முவாலிமு’ ஆகி ஆசிரியரைச் சுட்டுகிறது. அந்நாட்டை 1985 வரை ஆண்ட ஜூலியஸ் நைரேரேயை, குடியரசுத் தலைவரான பின்னரும் மக்கள் ‘முவாலிமு’ என்றே அழைத்தனர். அரசியலுக்கு வருமுன் அவர் பள்ளியாசிரியர். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைச் சுவாகிலியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டவரும் அவரே. ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். தம் மொழி எதையும் தாங்கும் என்று காட்ட விரும்பியவர். அப்பெயரால் தம்மையும் பிள்ளைகள் அழைக்கும்போது, தொண்டாசிரியர் அதற்குத் தகுதி பெற முயல வேண்டும்.

இத்தொண்டே வேண்டா என்பாரும் உளர். 1968இல் மெக்சிகோவில் கூடியிருந்த அமெரிக்கத் தொண்டர்களிடம் இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர், நல்லெண்ணம் மட்டுமே போதாது என்றும், கற்றுக்கொள்ள வருவதாயின் வரலாம், உதவும் எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்றும் கடுமையாகக் கூறினார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது பீஸ் கோர் அமைப்பு உலகெங்கும் இருந்த ஏறத்தாழ 7,000 தொண்டர்களைத் தாயகத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. சில நாள்களுக்குள் அவர்கள் மூட்டை கட்டினர். ஊரார்க்கோ போக வேறிடம் இல்லை. விருந்தினர் எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம் என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

ஆயினும், அதனால் தொண்டே வீண் என்று முடிவு கட்டுதல் முறையன்று. இரண்டாண்டுகள் தனித்து நின்று பாடம் சொன்னவர் புறப்பட்டால் வகுப்பு வெறுமையாகும். அவ்வூர் ஆசிரியர் ஒருவரோடு தோளிணைந்து, அவர் மொழியில் பேசி, மின்கலக் கரும்பொடிச் சோதனையை அவர் கையால் செய்யவைத்து, தாமும் அவரிடம் பிள்ளைகளின் மனப்போக்கைக் கேட்டறிந்தவர் புறப்பட்டால், பாடம் அங்கேயே தங்கும். தம் தேவை நாளடைவில் அற்றுப்போகும்படி உழைப்பதே தொண்டாசிரியரின் கடமை. புகழ் விரும்புவோர்க்கு இது கசக்கும்.

இக்கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறும் மாணவ மாணவியருள் சிலரேனும் நாளை அயல்மண்ணில் கரும்பலகையின் முன் நிற்கக்கூடும். தான்சானியாவில் நின்றாலும், நம் மாவட்டத்து மலையூர்ப் பள்ளியில் நின்றாலும், முதல்நாள் பாடநூலைத் திறக்குமுன் எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம், “இதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். அப்பிள்ளை சொல்லும் விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.