அந்தப் பாதை கெட்டே கிடக்கட்டும்

கலிஃபோர்னியாவின் சலைன் பள்ளத்தாக்கில் 1911-இல் எழுப்பப்பட்ட ஒரு கோபுரம், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலையும் காற்றையும் தாங்கி நின்றது. பள்ளத்தாக்கில் வெட்டிய உப்பைத் தொட்டிகளில் நிரப்பிக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு, இன்யோ மலைத்தொடரைத் தாண்டி ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இறக்கிய இழுவைப் பாதையின் கோபுரம் அது. அந்தப் பாதைக்கு நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர், ஏற்றம் 2,000 மீட்டருக்கும் மேல். 2024 ஏப்ரலில் டெத் வேலி எனப்படும் மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் ஊழியர்கள் பார்த்தபோது கோபுரம் தரையில் சாய்ந்து கிடந்தது. சேற்றில் புதைந்த வண்டியை மீட்க யாரோ வின்ச் கம்பியை அதில் மாட்டி இழுத்திருக்கிறார்கள். நிர்வாகம் துப்புக் கேட்டு அறிவித்த பிறகு ஒருவர் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, தவித்துப்போய்ச் செய்த காரியம் என்று மன்னிப்புக் கேட்டார்.

அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பூங்காவில் வண்டிகளால் நேரும் சேதங்களில் பல கெட்ட எண்ணத்தால் வருபவை அல்ல. வண்டியின் மேல் வைத்த அளவுக்கு மீறிய நம்பிக்கையால் வருபவை. அதனால்தான் அங்குள்ள மண்பாதைகளைச் சீராக்க வேண்டும் என்று கேட்பவர்களின் பேச்சையும், போகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் போகட்டும் என்று விட்டுவிடச் சொல்பவர்களின் பேச்சையும் ஒருசேர மறுக்க வேண்டியிருக்கிறது.

பூங்காவின் பரப்பு சுமார் 13,700 சதுர கிலோமீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே பெரிய தேசியப் பூங்கா இதுதான். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது பேட்வாட்டர் உப்புச் சமவெளி. அதற்கு மேற்கே 3,368 மீட்டர் உயரத்தில் டெலஸ்கோப் சிகரம். 1913 ஜூலையில் ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகச் சாதனை வெப்பமாக இன்றும் ஏட்டில் நிற்கிறது. அந்த அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலையாளர்கள் உண்டு என்றாலும், 50 டிகிரி என்பது அங்கே கோடையில் சாதாரணம்.

இங்கே பாதை போட்டவர்கள் சுற்றுலாக்காரர்கள் அல்லர். 1880-களில் பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய வண்டிகள் போராக்ஸ் உப்பை 265 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மொஹாவி ரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றன. பிறகு தங்கம், ஈயம், டால்க் என்று எதைத் தேடினார்களோ அதற்கெல்லாம் ஒரு தடம் வெட்டினார்கள். டைட்டஸ் பள்ளத்தாக்குப் பாதை 1926-இல் லெட்ஃபீல்டு என்னும் சுரங்க ஊருக்காகப் போடப்பட்டது. சி. சி. ஜூலியன் என்ற பங்கு வியாபாரி விளம்பரத்தாலேயே வளர்த்துவிட்ட ஊர் அது. 1926 ஆகஸ்டில் திறந்த அஞ்சலகம் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. ஊர் போய்விட்டது, பாதை மட்டும் மிஞ்சியது. இன்று ஜீப்பில் போய்ப் படமெடுப்பவர்கள் அந்தப் பங்கு வியாபாரிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பூங்காவின் மண்பாதைகளில் பெயர்பெற்றது ரேஸ்டிராக் பாதை. யூபிஹீபி எரிமலைப் பள்ளத்தருகே தார்ச்சாலை முடிகிறது. அங்கிருந்து 43 கிலோமீட்டர். சரிவு என்று சொல்லும்படி அதிகம் இல்லை, பாறை ஏறும் சாகசமும் இல்லை. ஆனால் தரை முழுவதும் நெளிவுத் தகரக் கூரையைக் கவிழ்த்துப் போட்டதுபோல் குறுக்கு வரிகள். தளர்ந்த மண்ணில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சக்கரங்கள் ஓடும்போது இந்த வரிகள் தாமாகவே எழுகின்றன. மண்வாரி எந்திரம் கொண்டு இழைத்துவிட்டாலும் வண்டிகள் ஓட ஓட மறுபடி தலைதூக்கும். மெதுவாகப் போனால் எலும்பெல்லாம் ஆடும். வேகமெடுத்தால் சக்கரம் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு வழுக்கிப் போகும், ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். அப்போது ஸ்டியரிங்குக்கும் தரைக்கும் உள்ள உறவு பாதி அறுந்துபோயிருக்கும். வளைவில்தான் அது தெரியவரும்.

டயர்தான் இந்தப் பாதையின் முதல் பலி. கத்தி முனையாக உடைந்த கற்கள், நகரச் சாலைக்கென்று செய்த மெல்லிய டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கின்றன. பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை. விவரம் தெரிந்தவர்கள் பளு வண்டிக்கான தடித்த டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முழு அளவு ஸ்டெப்னி இரண்டு எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். இப்போது வரும் கார்கள் பலவற்றில் சின்ன ஸ்டெப்னிதான் இருக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை, ஒரு காற்றுப் பம்பும் ஒரு பசைப் புட்டியும்தான். கைபேசிச் சிக்னல் கிடையாது. வண்டியை இழுத்து வரச் சொன்னால் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும்.

வழியில் டீக்கெட்டில் ஜங்ஷன் என்றொரு முச்சந்தி. பெயர்ப்பலகை நிறையப் பயணிகள் கட்டிவிட்டுப் போன கெட்டில்கள் தொங்குகின்றன. அந்த வேடிக்கையைக் கடந்தால் சமவெளி. காய்ந்த ஏரித்தரையின் நடுவே கரிய கற்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் அது நகர்ந்து வந்த தடம். காந்தம், சூறாவளி, வேற்றுக்கிரகவாசி என்று பல பத்தாண்டுகள் ஊகம் ஓடியது. ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் என்ற உறவினர்கள் இருவர் ஜிபிஎஸ் பொருத்திய கற்களை அங்கே வைத்துக் காத்திருந்து, 2013 டிசம்பரில் கற்கள் நகர்வதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். ஆய்வு 2014-இல் வெளியானது. மழைநீர் ஆழமின்றித் தேங்கி, இரவில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள பனித்தகடாக உறைகிறது. வெயில் ஏறியதும் உடைகிறது. மெல்லிய காற்று அந்தத் தகடுகளைத் தள்ள, தகடு கல்லைத் தள்ளுகிறது. நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகம். இதில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று: அங்குள்ள கற்களில் துளையிட நிர்வாகம் அனுமதிக்கவில்லை. ஆய்வாளர்கள் வெளியிலிருந்து கற்களைக் கொண்டுவந்து அவற்றில்தான் கருவியைப் பொருத்தினார்கள்.

ஒரு கல்லில் துளை போடவே இவ்வளவு யோசித்த இடத்தில்தான் 2016 ஆகஸ்டில் ஒருவர் காரை இறக்கி வட்டமடித்தார். மொத்தம் 16 கிலோமீட்டர் நீளத்துக்குச் சக்கரத் தடம். அது தவிப்பில் செய்ததல்ல, வேடிக்கைக்காகச் செய்தது. அடுத்த மழையில் அழிந்துவிடாதா என்று நினைக்கத் தோன்றும். ஈரத்தில் பதிந்த காலடிகூடப் பல ஆண்டுகள் நிற்கும் தரை அது. பிறகு ஆட்கள் தண்ணீரும் மண்வாரியும் கொண்டு அந்தத் தடங்களைக் கையால் மட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

பாலைவனம் வெறும் மண் என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. உண்மையில் அதன் மேல்தோல் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் பின்னிக் கட்டிய மெல்லிய ஓடு மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. வேறிடங்களில் சிறுகற்கள் நெருக்கமாக அடுக்கிய தளமே கவசம். அதன் மேல் ஒருமுறை சக்கரம் ஏறினால் ஆறுவதற்குப் பல பத்தாண்டு ஆகும். இரண்டாம் உலகப்போருக்காக ஜெனரல் பேட்டன் 1942-இல் தெற்கே மொஹாவி பாலைவனத்தில் தொடங்கிய பயிற்சி முகாமின் டாங்கித் தடங்கள் இன்னும் சில இடங்களில் தெளிவாகத் தெரிகின்றன. பாதையை விட்டு ஓர் அடிகூட வண்டியை இறக்கக் கூடாது என்று பூங்கா விதி சொல்வது இதனால்தான். சாலையில் ஓட்ட உரிமம் இல்லாத பொழுதுபோக்கு வண்டிகளுக்கு உள்ளே இடமே இல்லை.

மனித உயிர்கள் போன கதைகளும் உண்டு. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர், இரண்டு குழந்தைகள் உட்பட, வாடகை வேனில் பூங்காவின் தென்மேற்கு மூலைக்குள் போனார்கள். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வேன். மூன்று மாதம் கழித்து ஆன்வில் பள்ளத்தாக்கின் மணலில், டயர்கள் கிழிந்த நிலையில் அது கிடைத்தது. பெரியவர்களுடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் கிடைக்க 2009 நவம்பர் ஆயிற்று. அதே 2009-இன் ஆகஸ்டில், ஜிபிஎஸ் காட்டிய வழியை நம்பிப் போன ஒரு தாயும் மகனும் பூங்காவின் தெற்கோரத்தில் மணலில் சிக்கினார்கள். நாட்கள் கழித்து ரேஞ்சர் போனபோது தாய் மட்டும் உயிரோடு இருந்தார். எப்போதோ கைவிடப்பட்ட தடங்களையும் கருவிகள் பாதையாகக் காட்டுகின்றன என்பதை அதற்குப் பிறகுதான் பலரும் பேசத் தொடங்கினார்கள்.

இவற்றைச் சொல்லித்தான் பாதையைச் சீராக்கச் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1996-லும் 2009-லும் இறந்தவர்களைக் கொன்றவை தூரமும் வெப்பமும்; ரேஸ்டிராக் பாதையின் வரிகள் அல்ல. அந்தப் பாதையில் தார் போட்டால் குறைவது டயர்ச் செலவு மட்டும். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரும் பூங்கா இது. அவர்களில் பெரும்பகுதியை யூபிஹீபி பள்ளத்தோடு திருப்பி அனுப்புவது அந்த 43 கிலோமீட்டர் கரடுமுரடுதான். அது போனால் ஏரித்தரையின் ஓரத்தில் வாகன நிறுத்தம் வரும், வேலி வரும். கல்லைக் காணவில்லை என்ற புகாரும் வரும். தவிர, வெள்ளத்தைக் கேட்டுக்கொண்டு சாலை போட முடியாது. 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 37 மில்லிமீட்டர் மழை, சுமார் ஆயிரம் பேர் வெளியே வரமுடியாமல் நின்றார்கள். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் எச்சம் ஒரே நாளில் 56 மில்லிமீட்டரைக் கொட்டியது. ஓராண்டு மழை அளவு அது. பூங்கா அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிக் கிடந்தது. டைட்டஸ் பாதை அதற்கப்பாலும் திறக்கவில்லை. போட்ட தாரை ஒவ்வொரு முறையும் பள்ளத்தாக்கிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் கெட்ட பாதை எல்லாரையும் தடுப்பதில்லை. கோபுரத்தைச் சாய்த்தவரிடம் வின்ச் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கரடுமுரடு வடிகட்டுவது சாதாரணக் காரை மட்டுமே; உயர்த்திய சஸ்பென்ஷனும் அகல டயரும் உள்ளவருக்கு அது அழைப்பிதழ். பலமான வண்டி, சிக்கிக்கொள்ளும் இடத்தை இன்னும் இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பாதை அப்படியே இருக்கட்டும், போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இது புதுமையும் அல்ல. யூட்டாவின் கேனியன்லேண்ட்ஸ் பூங்காவில் ஒயிட் ரிம் என்னும் பாறை விளிம்புப் பாதைக்கு 2015 முதல் பகல் பயணத்துக்கும் சீட்டு உண்டு. நாளொன்றுக்கு ஐம்பது மோட்டார் வண்டிகள். அங்கே போக விரும்பியவர்கள் முன்கூட்டியே பதிவுசெய்து போகிறார்கள், யாரும் பட்டினி கிடந்து போராடவில்லை. ரேஸ்டிராக், சலைன், டைட்டஸ் மூன்றுக்கும் அதுபோல் ஒன்று வந்தால், உள்ளே யார் இருக்கிறார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்பது ரேஞ்சருக்குத் தெரியும். சீட்டு வாங்கும்போதே டயரையும் ஸ்டெப்னியையும் கேட்கலாம். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாட்களில் சீட்டே கொடுக்காமல் இருக்கலாம். கோபுரம் விழுந்தது சேற்றால் என்பதால் இது முக்கியம்.

எதிர்ப்பு வரும். பொது நிலம், வரிப்பணம், பாட்டன் காலத்துப் பாதை என்பார்கள். பொது நிலத்தில் வழி போட 1866-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையை 1976-இல் நாடாளுமன்றம் நீக்கிய பிறகும், அதற்கு முன்பே இருந்த பாதைகளைக் காட்டி மேற்கு மாநிலங்களில் வழக்குகள் தொடர்கின்றன. நெடுந்தூரம் நடக்க முடியாத முதியவருக்கு ஜீப் ஒன்றுதான் வழி என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. சீட்டு அவரைத் தடுக்கப் போவதுமில்லை. அந்த மண்ணில் இவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்து வாழும் டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு 2000-இல்தான் சட்டப்படி ஒரு தாயகப் பகுதி திரும்பக் கிடைத்தது என்பதையும், பரம்பரை உரிமை பேசுகிறவர்கள் சேர்த்துப் பேசினால் நன்றாயிருக்கும்.

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல டிசம்பர் விடுமுறையில் அங்கே போவதுண்டு. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் தார் இல்லாத பாதையில் ஓட்டக் கூடாது என்றும், ஓட்டினால் காப்பீடு செல்லாது என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். நகரும் கல்லைப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு, அந்தப் பாதைகளுக்கென்றே தயாரான ஜீப்புகள் ஃபர்னஸ் கிரீக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. சீட்டு முறை வந்தால் அதை வாங்குமிடமும் அதே ஊரிலேயே இருக்கலாம்.