மதிலுக்கு வெளியே ஒரு கச்சேரி

மாடம்பாக்கத்து ஜனங்களுக்கு ஆகாயத்து ஓசை புதிதல்ல. அநேக நாட்களில் பொழுது விடிந்ததுமே தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் கிளம்பிவிடும். வகுப்பிலே பாடம் நடத்திக்கொண்டிருக்கும் உபாத்தியாயர், விமானம் தலைக்கு மேலே கடந்து போகும் வரையில் வாய் மூடிக் காத்திருப்பார். பிள்ளைகளும் காத்திருப்பார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும். இந்த ஏற்பாட்டில் இரு தரப்பாருக்கும் ஆட்சேபம் கிடையாது. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களையே தயார் செய்கிற பள்ளிக்கூடம் 1954-ஆம் ஆண்டு முதல் தாம்பரத்தில் நடந்து வருகிறது. ஆகவே, மதிலுக்கு அப்பால் இருப்பவர்களும் ஒரு விதத்தில் எங்கள் ஜாதிதான்: வாத்தியார் ஜாதி!

ஆனால், அதே விமானப் படைக்கு 1944 முதல் சொந்தமாக ஒரு பாண்டு வாத்திய கோஷ்டியும் உண்டு. விமானத்தின் ஓசையை இனாமாகக் கேட்டு வளரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாத்தியங்களின் ஓசையை நேரிலே கேட்டிருப்பார்கள்? இந்த வாரம் நேயர்களிடம் பிரஸ்தாபிக்க விரும்பும் விஷயம் இதுதான்.

பட்டாளத்துப் பாண்டு என்றதும், கல்யாண ஊர்வலத்தில் சரிகை வைத்த சட்டை அணிந்து சினிமா மெட்டு வாசித்துச் செல்லும் கோஷ்டி சிலருக்கு ஞாபகம் வரலாம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது குழந்தை; இது தாய். கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிரோம்போன், டியூபா என்று ஊதும் வாத்தியங்கள் ஒரு புறம். பெரிய முரசு, சிறிய முரசு, ஜாலரா போன்ற வெண்கலத் தட்டுகள் மற்றொரு புறம். அணிவகுத்து நடக்கும் கோஷ்டியில் தந்தி வாத்தியம் கிடையாது. காரணம் எளிது. வெட்டவெளியில், நடந்துகொண்டே, காற்றையும் காலடி ஓசையையும் மீறிக் கேட்கும்படி வாசிக்க வேண்டும். நிமிஷத்துக்குச் சுமார் 120 அடி வீதம் நடக்கிற சிப்பாய்களுக்கு அந்த முரசுதான் தாளம். ஒருவர் கையில் சிறு கோலை அசைக்க, எழுதி வைத்த ஸ்வரத்தை ஐம்பது பேர் ஒரே மூச்சாக வாசிப்பார்கள். ஒலிபெருக்கி தேவையில்லை. நம் நாட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சங்கீதத்துக்குக் கோயில் கட்டலாம்.

யோசித்துப் பார்த்தால், நமது பெரிய மேளத்துக்கும் இதே தர்மம்தான். நாகஸ்வரமும் தவிலும் வெட்டவெளிக்கு என்றே பிறந்தவை. வீதியில் நடந்து வாசிக்கப்படுபவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஸ்வாமி புறப்பாட்டில் தோடியை மணிக்கணக்காக வாசித்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்தவரும் கேட்டார், வண்டிக்காரரும் கேட்டார். சீட்டு விற்றவர் ஒருவரும் இல்லை. இலவசமாக, பொது இடத்தில், எல்லாருக்கும் பொதுவாகச் சங்கீதம் என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்த பாடம் அல்ல.

"எல்லாருக்கும்" என்று சொல்லும்போது சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. கோயில் வாசலும் சில வீதிகளும் நம்மிலே ஒரு பெரும் பகுதியாருக்கு அடைபட்டிருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஹரிஜன சகோதரர்களை அழைத்துச் சென்ற பிறகுதானே நிலைமை மாறத் தொடங்கிற்று? ஆகையால், இலவசம் என்றால் காசு வாங்காமல் இருப்பது மட்டும் போதாது. யார் வந்து நின்றாலும் "நீ யார்?" என்று கேட்காமல் இருக்கவும் வேண்டும். மைதானத்துச் சங்கீதத்தின் பெருமை அதுதான்.

இப்படிக் காதில் விழுகிற சங்கீதத்தினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு திருஷ்டாந்தங்கள் சொல்கிறேன்.

முதலாவது மணலியில் நடந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் அங்கே சில காலம் வசித்தது. வேங்கடகிருஷ்ண முதலியார் கம்பெனியாரிடம் துபாஷாக இருந்தவர். அவருடன் சென்று, தீக்ஷித சகோதரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாண்டைக் கேட்டார்கள். விளைவு என்ன? முத்துஸ்வாமி தீக்ஷிதர் அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் இயற்றினார். சுமார் 40 நோட்டு ஸ்வர ஸாஹித்யங்கள், எல்லாம் கமகமின்றிச் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே அவர் தேவியைத் துதித்திருக்கிறார்! மன்னருக்காக முழங்கிய மெட்டை அம்பாளிடம் கொண்டு போய்ச் சேர்த்த அந்தச் சாதுவை விடப் பெரிய தேசபக்தர் அந்நாளில் யார் இருந்தார்? அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதரோ ஓர் ஐரோப்பியரிடம் பிடில் பயின்று, அதை நமது சங்கீதத்துக்கு இசைய வாசித்துக் காட்டினார். இன்றைக்குப் பிடில் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்குமா? கோட்டையிலிருந்து வந்த ஓசை நமது மேடையையே மாற்றி அமைத்துவிட்டது.

இரண்டாவது நம் காலத்தில் நடந்தது. தென் கன்னடத்தில் 1949-இல் பிறந்தவர் கத்ரி கோபால்நாத். தகப்பனார் நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பாண்டிலே சாக்ஸபோன் ஒலித்ததைக் கேட்ட பையன், வாசித்தால் அந்த வாத்தியத்தைத்தான் வாசிப்பேன் என்று தீர்மானித்துவிட்டான். கமகத்துக்கு வளையாத அந்த வாத்தியத்தை வளைக்க அவருக்குப் பல வருஷங்கள் பிடித்தன. 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கர்நாடக சங்கீதம் வாசித்தார், 2004-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2019-இல் காலமானார். அந்தப் பையன் அன்றைக்கு அந்த வாத்தியத்தைக் கேட்காமல் இருந்திருந்தால்? எந்தப் பிள்ளையின் காதில் எது விழுந்து எப்படி முளைக்கும் என்று எந்த உபாத்தியாயராலும் சொல்ல முடியாது. விதைப்பது ஒன்றுதான் நம்மால் ஆகிற காரியம்.

"எல்லாம் சரி, பாண்டு அந்நியர் கொண்டு வந்ததாயிற்றே! ஸ்வதந்திர நாட்டில் அதற்கு என்ன உபசாரம்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலை நேதாஜியின் சேனையே சொல்லியிருக்கிறது. கூர்க்காப் படையில் பாண்டு கற்றவர் ராம் சிங் டாகுரி. மலாய் நாட்டில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். மலாய்த் தோட்டத்துத் தமிழர்கள் பலர் சேர்ந்திருந்த சேனை அது. அதன் நடைப்பாட்டுக்கு மெட்டமைத்தவர் அவர்தான். வெள்ளைக்காரன் கற்றுக் கொடுத்த குழலைக்கொண்டே வெள்ளைக்காரனுக்கு எதிராக ஊதினார். குழலுக்கு ஏது தேசம்? ஊதுகிற நெஞ்சுக்குத்தான் தேசம் உண்டு.

நமது தேசிய கீதத்தின் கதையிலும் பாண்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1947-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில், இந்தியாவின் கீதம் எது, வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நம் பிரதிநிதிகள் 'ஜன கண மன' இசைத்தட்டைக் கொடுத்தார்கள்; அங்கிருந்த வாத்திய கோஷ்டி அதைப் பழகி வாசித்தது; கேட்டவர்கள் மிகவும் பாராட்டினார்கள். 1948 ஆகஸ்டில் நேருஜி அரசியல் நிர்ணய சபையில் இதை எடுத்துச் சொல்லி, வாத்திய கோஷ்டியும் பாண்டும் வாசிப்பதற்கு ஏற்றதாக இருப்பது கீதத்துக்கு அவசியம் என்பதை விளக்கினார். 1950 ஜனவரி 24-ஆம் தேதி கீதம் முடிவாயிற்று. அதே 1950-இல், ஜெனரல் கரியப்பாவின் ஆதரவில், மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் ராணுவ சங்கீதப் பள்ளி தொடங்கிற்று. ஸ்வதந்திர இந்தியா தன் முதல் காரியங்களில் ஒன்றாகப் பாண்டைத் தனதாக்கிக்கொண்டது என்பதே இதன் பொருள்.

* * *

சென்னைப் பட்டணத்தில் பழைய காலத்தில் பாண்டு கேட்க ஓர் இடம் இருந்தது. கவர்னர் டிரெவெலியன் 1859-க்கும் 1860-க்கும் இடையில், இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மக்கள் பூங்கா என்று ஒரு பெரிய தோட்டத்துக்குத் திட்டமிட்டார். குளங்கள், பாதைகள், மிருகக் காட்சிசாலை, இவற்றுடன் பாண்டு வாசிக்க ஒரு மேடையும் அங்கே அமைந்தது. பின்னாளில் பட்டணம் அந்தத் தோட்டத்தைச் சிறிது சிறிதாக விழுங்கிவிட்டது. மிருகங்கள் மாத்திரம் 1985-இல் எங்கள் அண்டை ஊரான வண்டலூருக்கு வந்து சேர்ந்து சுகமாக இருக்கின்றன. பாண்டு மேடை வந்து சேரவில்லை. சிங்கத்துக்கும் நீர்யானைக்கும் கிடைத்த புனர்வாழ்வு சங்கீதத்துக்குக் கிடைக்கவில்லையே என்பது என் குறை.

இன்று பட்டாளத்துச் சங்கீதத்தைப் பொது ஜனங்கள் எப்போது கேட்கிறார்கள்? குடியரசு தினத்தன்று டெலிவிஷனில் கேட்கிறார்கள். 2020-ஆம் வருஷம் மே 3-ஆம் தேதி, கொரோனா நோய்க்கு எதிராகப் போராடிய வைத்தியர்களுக்கும் தாதிகளுக்கும் நன்றி சொல்ல, பல ஊர்களில் ஆஸ்பத்திரி வாசலில் பாண்டு வாசித்தார்கள். சங்கீதம் தேடி வந்து வாசலில் நின்ற நாள் அது. மற்றப்படி, பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்த இளைஞர்களும் யுவதிகளும் பாண்டுக்கு ஏற்ப நடந்து வருகிற அழகைக் காணும் பாக்கியம் அவர்களுடைய பெற்றோருக்கும் அழைப்புப் பெற்றவர்களுக்கும்தான்.

2024 அக்டோபர் 6-ஆம் தேதி விமானப்படையார் மெரீனாவில் சாகசக் காட்சி நடத்தினார்கள். பல லட்சம் பேர் கடற்கரையில் கூடினார்கள். கொளுத்தும் வெயில், நகர முடியாத நெரிசல். பார்க்கச் சென்றவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். இரண்டு நாள் கழித்து, 8-ஆம் தேதி, விமானப்படை தின அணிவகுப்பு தாம்பரம் தளத்திலேயே நடந்தது. யாரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. பல வருஷத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில், ஒரே இடத்தில் விருந்து என்றால் ஊர் முழுவதும் பசியோடு ஓடி வரத்தான் செய்யும். அந்தந்த ஊரில் மாதம் ஒரு முறை சிறு விருந்து என்றால், யாரும் ஓட வேண்டாம். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போய்க் கேட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

இது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவில் கடற்படை, தரைப்படை, விமானப்படை ஆகியவற்றின் பாண்டுகள் வாஷிங்டன் நகரில் கோடைக்காலம் முழுவதும் பொது இடங்களில் கச்சேரி செய்கின்றன. கட்டணம் வாங்குவதில்லை. 1798-இல் ஏற்பட்ட மரைன் பாண்டுதான் அங்கே மிகப் பழையது. அதில் டிரோம்போன் வாசித்தவரின் மகன் ஜான் பிலிப் சூசா, 13-ஆம் வயதில் அதே பாண்டில் பயிற்சிக்குச் சேர்ந்து, பிற்காலத்தில் அதற்கே தலைவராகி, உலகம் முழுவதும் நடைபோடும் மெட்டுகளை அளித்தார். வாசிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஜனங்களின் வரிப்பணம். ஆகவே கேட்கும் உரிமையும் ஜனங்களுடையது. இது கடையில் கணக்கு எழுதுகிறவருக்கும் விளங்கும் நியாயம்.

* * *

என் யோசனை இதுதான். 2021-இல் மாடம்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. மாநகராட்சி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பகுதியில், பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ, நிழலும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்யட்டும். விமானப்படையாரும் பரங்கிமலையாரும் தங்கள் வாத்தியக்காரர்களை மாலை ஐந்தரை மணிக்கு ஒரு மணி நேரம் அனுப்பி உதவட்டும். பாதுகாப்பைப் பற்றிய கவலை வேண்டாம். நாங்கள் மதிலுக்குள் வரவேண்டும் என்று கேட்கவில்லை, சங்கீதம் வெளியே வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

முதலில் உள்ளூர் நாகஸ்வரக்காரர்கள் கால் மணி வாசிக்கட்டும். கோயில்களில் மின்சார முரசு முழங்கத் தொடங்கிய பிறகு அவர்களுக்கும் கேட்பவர்கள் வேண்டும் அல்லவா? பிறகு பாண்டு: நடை மெட்டு இரண்டு, நாடோடி மெட்டு ஒன்று, தீக்ஷிதரின் நோட்டு ஸ்வரம் ஒன்று. கோட்டையில் வாங்கிய கடனைப் பட்டாளமே வட்டியுடன் பெற்றுக்கொள்வது போல் இருக்கும். அதற்குப் பிறகு பத்து நிமிஷம், பிள்ளைகளைக் கிட்டே அழைத்து, இது கிளாரினெட், இது டிரோம்போன் என்று தொட்டுப் பார்க்க விடட்டும். கடைசியில் தேசிய கீதம். தலைமை உரை, வரவேற்புரை, பொன்னாடை இவை மூன்றும் கண்டிப்பாகக் கூடாது. இவை சேர்ந்தால் கச்சேரிக்கு மிஞ்சுவது ஐந்து நிமிஷம்தான் என்பது அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

சபாக்களில் சீட்டு வாங்கிக் கேட்க வசதியுள்ளவர்கள் கேட்கட்டும், அதுவும் வளரட்டும். ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாயாரின் பிள்ளை, ஒரு நல்ல வாத்தியத்தை ஐந்து அடி தூரத்தில் நின்று கேட்பதற்கு வேறு வழி என்ன இருக்கிறது? கைப்பேசியில் கேட்கலாம் என்பீர்கள். பெரிய முரசின் அதிர்ச்சி வயிற்றில் தெரிவது கைப்பேசியில் வராது. அதைத் தெரிந்துகொண்ட பிள்ளையே வாத்தியத்தைக் கையில் எடுப்பான்.

மாநகராட்சிக்கும் படைத் தளத்தின் அதிகாரிகளுக்கும் இதையே ஒரு விண்ணப்பமாக எழுதி, ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்க உத்தேசித்திருக்கிறேன். ஆவடி, அரக்கோணம், சூலூர், தஞ்சாவூர், வெல்லிங்டன் என்று படைகள் தங்கியுள்ள ஊர்களில் வசிக்கும் நேயர்களும் தங்கள் ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம் அனுப்பினால் நல்லது. ஒரு குரல் கேட்காவிட்டாலும், ஐந்தாறு ஊர்க் குரல்கள் சேர்ந்தால் எந்த மதிலுக்கும் கேட்கும்.