கூரைக்கு ஓடு சுமப்போர்

அமெச்சூர் ரேடியோ சங்கத்தார் தங்கள் கருவிக் கட்டடத்தைக் கூலியின்றித் தாங்களே செப்பனிட்டால், அதை வேலையற்றவர் வேலையென்று நகைப்பவர் உண்டு. 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ சங்கம் 1927-இல் பணமின்றி நின்றது. அது கொடுத்த கருவியைக் கொண்டே 1930-இல் சென்னைக் கார்ப்பரேஷன் ஒலிபரப்பிற்று. பணமில்லாத இடத்தில் உழைப்பைத் தவிர வேறு கதியேது?

2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி அறுந்தபோது சேதி சொன்னவர்கள் இத்தகைய ஆர்வலர்களல்லவா? காற்றில் பேசுகிறவருக்குச் சாதியில்லை; பரீட்சையில் தேறியதற்குச் சர்க்கார் கொடுத்த குறியெழுத்தே பெயர்.

2024 டிசம்பரில் நம் திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் மாண்டனர். அடுத்த புயலில் கம்பிகள் அறுந்தால், ஒழுகும் கூரையின்கீழ் நனைந்த கருவி பேசுமா? தீபத்துக்கு மலைமேல் நெய் சுமக்கும் தோள்கள், ஒரு நாள் இக்கூரைக்கு ஓடு சுமந்தால் என்ன குறைந்துவிடும்?