கீர்ட் வில்டர்ஸ்: வெறுப்புக்குக் கதவைத் திறந்து விட்டவர்கள் யார்?

2025 அக்டோபர் 29 அன்று நெதர்லாந்தில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் கீர்ட் வில்டர்ஸின் சுதந்திரக் கட்சி 26 இடங்களைப் பெற்றது. 2023 தேர்தலில் இதே கட்சி 37 இடங்களைப் பிடித்து, 150 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாக எழுந்து நின்றது. இரண்டே ஆண்டுகளில் 11 இடங்கள் பறிபோயின. டி66 கட்சியும் அதே 26 இடங்களையே வென்றது என்றாலும் சிறிதளவு கூடுதல் வாக்குகள் பெற்றிருந்ததால், ஆட்சி அமைக்கும் முயற்சியில் முதல் வாய்ப்பு அக்கட்சிக்கே கிடைத்தது.

"முஸ்லிம்களின் எதிரி வீழ்ந்தான்" என்று நம்மில் பலர் சமூக ஊடகங்களில் மகிழ்ச்சியைப் பகிர்ந்து கொண்டார்கள். அந்த மகிழ்ச்சி இயல்பானதுதான். ஆனால் வில்டர்ஸின் அரசியல் வாழ்வை முழுமையாகப் பார்த்தால், அவர் வீழ்ந்தாரா என்பதை விட, அவரை இவ்வளவு தூரம் உயர்த்தியவர்கள் யார் என்ற கேள்வியே முக்கியமாகப் படுகிறது.

நமக்கென்ன தொடர்பு?

முட்டுக்காட்டில் இருந்துகொண்டு எங்கோ ஒரு ஐரோப்பிய நாட்டின் அரசியலைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், மாமல்லபுரத்தைத் தாண்டி சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இன்றும் சிதைந்து நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கு நெய்த துணிகளை வாங்கிப் போக வந்தவர்கள் அவர்கள். அது பழைய கதை.

புதிய தொடர்பு 2022 ஜூன் மாதத்தில் ஏற்பட்டது. நபி (ஸல்) அவர்களைப் பற்றி பாஜகவின் செய்தித் தொடர்பாளராக இருந்த நூபுர் சர்மா தொலைக்காட்சி விவாதத்தில் பேசியது பெரும் சர்ச்சையானது. வளைகுடா நாடுகள் கண்டனம் தெரிவித்தன. ஜூன் 5 அன்று கட்சியே அவரை இடைநீக்கம் செய்தது. அந்த நேரத்தில் அவருக்கு ஆதரவாக ட்விட்டரில் குரல் கொடுத்தவர் வில்டர்ஸ். இந்தியா யாரிடமும் பணிந்து போகக் கூடாது என்ற தொனியில் அவர் எழுதிய பதிவுகள் நம் நாட்டில் பெருமளவில் பகிரப்பட்டன. வெறுப்புக்கு இன்று கடவுச்சீட்டும் தேவையில்லை, விசாவும் தேவையில்லை. ஆகவே அந்த மனிதரை நாம் அறிந்துதான் ஆக வேண்டும்.

யார் இந்த வில்டர்ஸ்?

1963 செப்டம்பர் 6 அன்று நெதர்லாந்தின் வென்லோ நகரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் பிறந்தது இன்றைய இந்தோனேசியாவின் சுகபூமியில். உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாட்டில் வேர்களைக் கொண்ட குடும்பம் அது. பள்ளிப் படிப்புக்குப் பின் இஸ்ரேலுக்குச் சென்று சில காலம் வேலை செய்தார். அந்த நாட்டின் மீதான பற்று அவரை விட்டு இன்றுவரை நீங்கவில்லை.

அவர் அரசியலைக் கற்றுக்கொண்ட இடம் தீவிரக் கட்சி எதுவும் அல்ல. விவிடி என்ற பாரம்பரியமான வலதுசாரி தாராளவாதக் கட்சியின் நாடாளுமன்ற அலுவலகத்தில் 1990இல் பணியாளராகச் சேர்ந்தார். 1997இல் உட்ரெக்ட் நகர்மன்ற உறுப்பினர், 1998இல் நாடாளுமன்ற உறுப்பினர் என்று படிப்படியாக உயர்ந்தார். துருக்கியை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ப்பது பற்றிய கருத்து வேறுபாட்டால் 2004 செப்டம்பரில் கட்சியை விட்டு வெளியேறி, தனி ஒருவராக நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

அப்போதைய நெதர்லாந்தின் மனநிலையையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். 2002இல் குடியேற்ற எதிர்ப்பாளரான பிம் ஃபோர்டைன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் முஸ்லிம் அல்லர், விலங்குரிமை ஆர்வலர். 2004 நவம்பரில் திரைப்பட இயக்குநர் தியோ வான் கோ கொல்லப்பட்டார். இந்தக் கொலையைச் செய்தவர் மொராக்கோ வம்சாவளி முஸ்லிம் இளைஞர். அந்த ஒரு இளைஞனின் குற்றத்திற்கு ஒரு சமுதாயமே பல ஆண்டுகள் விலை கொடுத்தது. வில்டர்ஸ் அன்றிலிருந்து இன்றுவரை போலீஸ் பாதுகாப்பில் வாழ்கிறார். அவரைக் கொல்வோம் என்று மிரட்டியவர்கள் இஸ்லாத்திற்குச் செய்தது சேவை அல்ல. அவருடைய அரசியலுக்குக் கிடைத்த மிகப் பெரிய முதலீடு அந்த மிரட்டல்களே.

2006இல் சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அந்த ஆண்டுத் தேர்தலில் 9 இடங்கள் கிடைத்தன. 2007இல் குர்ஆனைத் தடை செய்ய வேண்டும் என்றார். 2008 மார்ச்சில் 'ஃபித்னா' என்ற குறும்படத்தை வெளியிட்டார். நெதர்லாந்து முஸ்லிம் அமைப்புகள் அப்போது நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது. மக்களை அமைதி காக்கச் சொன்னார்கள். நாடு பற்றி எரியும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அரசாங்கமும் அந்தப் படத்திலிருந்து தன்னை விலக்கிக் கொண்டது.

அவருடைய கட்சியில் ஒரு விசித்திரம் உண்டு. அதில் உறுப்பினராக இருக்கும் ஒரே தனிமனிதர் வில்டர்ஸ் மட்டுமே. லட்சக்கணக்கானோர் வாக்களிக்கிறார்கள், ஆனால் எவரும் கட்சியில் சேர முடியாது. உட்கட்சித் தேர்தல் இல்லை, பொதுக்குழு இல்லை. மக்களின் குரல் என்று தன்னைச் சொல்லிக் கொள்ளும் கட்சிக்குள் மக்களுக்கு இடமில்லை.

திறந்த கதவுகள்

வெறும் 9 இடங்கள் வைத்திருந்த கட்சி ஆட்சியின் வாசலுக்கு எப்படி வந்தது? 2010 தேர்தலில் சுதந்திரக் கட்சிக்கு 24 இடங்கள் கிடைத்தன. விவிடியின் மார்க் ருட்டே, வில்டர்ஸின் வெளியிலிருந்து ஆதரவோடு சிறுபான்மை அரசை அமைத்தார். அதுவரை தீண்டத்தகாதவராக இருந்தவர் அன்று ஆட்சியின் துணையானார். 2012 ஏப்ரலில் சிக்கன நடவடிக்கைகள் பற்றிய பேச்சிலிருந்து வில்டர்ஸ் எழுந்து போனார், அரசு கவிழ்ந்தது. அடுத்த தேர்தலில் அவருடைய பலம் 15 ஆகக் குறைந்தது.

அதன் பிறகு ருட்டே அவருடன் கூட்டு இல்லை என்பதில் உறுதியாக நின்றார். ஏறத்தாழ பத்தாண்டுகள் அந்தக் கதவு மூடியே இருந்தது. 2017இல் 20, 2021இல் 17 என்று வில்டர்ஸ் ஓரிடத்திலேயே சுற்றிக் கொண்டிருந்தார்.

2023இல் நிலைமை மாறியது. அகதிகள் குடும்பத்தினரை அழைத்து வருவது தொடர்பான சண்டையில் ருட்டே அரசு கவிழ்ந்தது. ஆளும் கட்சியே குடியேற்றத்தைத் தேர்தல் பிரச்சினையாக்கியது. விவிடியின் புதிய தலைவர் டிலான் யெசில்கோஸ், வில்டர்ஸுடன் கூட்டணியை முன்கூட்டியே மறுக்கப் போவதில்லை என்றார். துருக்கியில் பிறந்து அகதிக் குடும்பத்தின் குழந்தையாக நெதர்லாந்து வந்தவர் அவர் என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி. வில்டர்ஸும் தம் தொனியைச் சற்றே மென்மையாக்கிக் கொண்டு, வீட்டுத் தட்டுப்பாடு, மருத்துவச் செலவு என்று சாமானியர்களின் கவலைகளைப் பேசினார். அவருக்கு வாக்களித்தால் வாக்கு வீணாகாது என்ற நம்பிக்கை பிறந்தது. 17 இடங்கள் 37 ஆயின.

பள்ளிவாசல்களையும் குர்ஆனையும் தடை செய்யும் மசோதாவை 2024 ஜனவரியில் அவரே திரும்பப் பெற்றார். பிரதமர் பதவியையும் மற்ற கட்சிகள் அவருக்குத் தரவில்லை. கட்சி சாராத டிக் ஸ்கூஃப் தலைமையில் 2024 ஜூலை 2 அன்று நான்கு கட்சி அரசு பதவியேற்றது. 2025 ஜூன் 3 அன்று, அகதிகள் பற்றிய தம் பத்து அம்சத் திட்டத்தை ஏற்கவில்லை என்று கூறி வில்டர்ஸ் அதையும் கவிழ்த்தார். ஆயுள் 11 மாதங்கள். இரண்டு முறை அதிகாரம் கைக்கு வந்தது. இரண்டு முறையும் அவரே உதறினார். கோபத்தை விற்பவருக்கு எதிர்க்கட்சி வரிசையில் கிடைக்கும் லாபம் ஆளும் பொறுப்பில் கிடைப்பதில்லை.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா?

இல்லை என்றே நாம் கருதுகிறோம். முகத்தை மூடும் ஆடையைத் தடை செய்ய வேண்டும் என்று 2005இல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தவர் வில்டர்ஸ். பள்ளிகள், மருத்துவமனைகள், அரசுக் கட்டடங்கள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் அந்தத் தடை 2019 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது அவர் ஆட்சியில் இல்லை. சட்டமாக்கியவர்கள் நடுநிலைக் கட்சிகள் என்று அறியப்பட்டவர்கள்.

இன்னொன்றையும் பார்ப்போம். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று நெதர்லாந்து வரித்துறை ஆயிரக்கணக்கான பெற்றோரைத் தவறாகக் குற்றம்சாட்டி, பெரும் தொகைகளைத் திருப்பிக் கட்டச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் புலம்பெயர்ந்த பின்னணி கொண்ட குடும்பங்கள் ஏராளம். வரித்துறை இரட்டைக் குடியுரிமைத் தகவலைப் பயன்படுத்திய விதம் பாரபட்சமானது என்று தரவுப் பாதுகாப்பு ஆணையமே 2020இல் கண்டறிந்தது. அந்த ஊழலால் 2021 ஜனவரியில் ருட்டே அரசு பதவி விலகியது. இதைச் செய்ய வில்டர்ஸ் தேவைப்படவில்லை. மேடையில் கத்துபவனை விட, கோப்பில் குறிப்பு எழுதும் கை சில நேரங்களில் அதிகச் சேதம் விளைவிக்கிறது.

சட்டம் என்ன செய்தது?

2014 மார்ச்சில் ஹேக் நகரில் ஆதரவாளர்களிடம், மொராக்கோ மக்கள் கூடுதலாக வேண்டுமா குறைவாக வேண்டுமா என்று வில்டர்ஸ் கேட்டார். "குறைவாக" என்று கூட்டம் முழங்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் புகார் அளித்தார்கள். 2016இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை எதுவும் விதிக்கவில்லை. மேல்முறையீட்டில் பாகுபாட்டைத் தூண்டியதான குற்றச்சாட்டு நீங்கியது. ஒரு மக்கள் குழுவை இழிவுபடுத்தினார் என்ற தீர்ப்பை 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏழாண்டு வழக்கு, தண்டனை இல்லை. என்றாலும் ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அந்தப் பேச்சைக் குற்றம் என்று பதிவு செய்திருக்கிறது.

நம் உச்ச நீதிமன்றமும் வெறுப்புப் பேச்சு மீது, புகாருக்காகக் காத்திராமல் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2022 அக்டோபரில் மூன்று மாநிலங்களுக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. உத்தரவு தாளில் இருக்கிறது. அதைக் காவல் நிலையத்தில் எடுத்துக் காட்டி முறையிடும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை.

மாணவர் ஒருவர் திரும்பி வந்த கதை

வில்டர்ஸின் கட்சியில் 2010இல் நாடாளுமன்றத்துக்குச் சென்றவர் ஜோரம் வான் கிளாவெரன். இஸ்லாத்திற்கு எதிராக அனல் பறக்கப் பேசியவர். ஹேக் பேச்சுக்குப் பிறகு 2014இல் கட்சியை விட்டு விலகினார். பின்னர் இஸ்லாத்தை மறுத்து ஒரு நூல் எழுதத் தொடங்கினார். எழுத எழுத எழுந்த கேள்விகளைக் கேம்பிரிட்ஜில் உள்ள அறிஞர் அப்துல் ஹகீம் முராதுக்கு எழுதிக் கேட்டார். அவர் ஏசவில்லை, பொறுமையாகப் பதில் எழுதி, படிக்க வேண்டியவற்றையும் சுட்டினார். மறுப்பு நூல் பாதியிலேயே திசை மாறியது. 2018இல் இஸ்லாத்தைத் தழுவியதை 2019 பிப்ரவரியில் வான் கிளாவெரன் உலகுக்கு அறிவித்தார்.

இதைக் கேட்டு மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. எதிரியின் கேள்விக்கும் பதில் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு மாற்று மதச் சகோதரர் சந்தேகம் கேட்டால், கோபப்படாமல் பதில் சொல்லக் கூடியவர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்?

நாடாளுமன்றத்திலும் இப்படியொரு பதில் இருந்தது. 2016 முதல் 2021 வரை கீழவையின் சபாநாயகராக இருந்த கதீஜா அரிப் மொராக்கோவில் பிறந்தவர். அவர் அனுமதித்த நேரத்தில்தான் வில்டர்ஸ் பேசினார். ராட்டர்டாம் மாநகரின் மேயராக 2009 முதல் 2024 வரை இருந்த அஹ்மத் அபூதாலிப், மொராக்கோவில் ஓர் இமாமின் மகனாகப் பிறந்தவர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காடே உள்ள ஒரு சமுதாயம், பொது வாழ்வில் பணியாற்றிப் பெற்ற இடம் இது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

தமிழகத்தில் வில்டர்ஸைப் போன்ற ஒருவர் தனியாக நின்று வெல்ல முடியாது என்று நாம் பெருமை பேசுகிறோம். கோவளத்தில் தர்காவும் தேவாலயமும் கோயிலும் ஒரே ஊரில் இருப்பதைக் காட்டி மகிழ்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வில்டர்ஸும் தனியாக நின்று ஆட்சிக்கு வரவில்லை. இங்கும் 1998இல் அதிமுகவும், 1999இல் திமுகவும் பாஜகவுடன் கூட்டணி வைத்த வரலாறு உண்டு. கணக்குப் பார்த்துத் திறக்கப்படும் கதவு, பிறகு மூட நினைக்கும்போது அவ்வளவு எளிதாக மூடுவதில்லை.

ஆகவே வாக்குக் கேட்டு வருபவர்களிடம், "வெறுப்பைப் பேசுபவர்களை எதிர்க்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எல்லோரும் ஆம் என்பார்கள். "அவர்களுடைய ஆதரவு இல்லாமல் ஆட்சி அமைக்க முடியாது என்ற நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் பதிலை நினைவில் வைத்து, வாக்காளர் பட்டியலில் நம் வீட்டார் ஒவ்வொருவரின் பெயரையும் சரிபார்த்துக் கொள்வோம்.