எந்தப் படம் நல்ல படம்?

எம்.ஆர்.ஐ. வழிகாட்டும் கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பற்றி அறிய வருவோர் எங்களிடம் முதலில் கேட்பது, "இந்தக் கருவி எத்தனை டெஸ்லா?" என்பதே. காந்தப்புலத்தின் வலிமையைக் குறிக்கும் அந்த எண் பெரிதாக இருந்தால் படம் தெளிவாக அமையும்; படம் தெளிவாக அமைந்தால் சிகிச்சையும் சிறக்கும் என்று அவர்கள் கருதுகின்றனர். கேள்வி நியாயமானது. ஆயினும் அது முதற்கேள்வியாக இருத்தல் வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

வழக்கமான கதிர்வீச்சுச் சிகிச்சையில், கதிர் செலுத்துவதற்கு முன் எக்ஸ்-கதிர் கொண்டு எடுக்கப்படும் படங்களில் எலும்புகள் நன்கு தெரியும். புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகிய மென்மையான உறுப்புகளின் எல்லைகளோ மங்கலாகவே தெரியும். எம்.ஆர்.ஐ. அவ்வெல்லைகளைப் பிரித்துக் காட்டவல்லது. படமெடுக்கும் கருவியையும் கதிர் செலுத்தும் கருவியையும் ஒன்றாக இணைத்ததன் பயனாக, கதிர் பாய்ந்துகொண்டிருக்கும் வேளையிலேயே உறுப்பின் அசைவைக் காண முடிகிறது. 0.35 டெஸ்லா வலிமையுள்ள கருவியில் 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலும், 1.5 டெஸ்லா வலிமையுள்ள கருவியில் 2017-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரிலும் இத்தகைய சிகிச்சை தொடங்கப்பட்டது.

வலிமை மிக்க காந்தப்புலம் உடலிலிருந்து கிடைக்கும் சமிக்ஞையைக் கூட்டுகிறது. படத்தில் இரைச்சல் குறைகிறது. ஆனால், குடலில் தங்கிய வாயுவோ இடுப்பில் பொருத்திய உலோகமோ உண்டாக்கும் உருத்திரிபு, புலம் வலுக்க வலுக்க மிகுதியாகிறது. நோயைக் கண்டறிவதற்கான படத்தில் ஓர் உறுப்பின் விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் விலகித் தோன்றினால் பெரும்பாலும் கேடில்லை. கதிரைச் செலுத்துவதற்கான படத்தில் அதே இரண்டு மில்லிமீட்டர், மலக்குடலின் சுவர் கதிருக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைத் தீர்மானித்துவிடும். ஆகவே, எங்கள் பணியில் படம் பார்வைக்கு எவ்வளவு துலக்கமாக இருக்கிறது என்பதைவிட, உறுப்பை அது இருக்கும் இடத்திலேயே காட்டுகிறதா என்பதே முதன்மையானது. அளவு தெரிந்த மாதிரிப் பொருள்களைக் கருவியினுள் வைத்துப் படமெடுத்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

காலமும் கணக்கில் கொள்ளத்தக்கது. படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல் குறையும்; ஆனால் தெளிவை இரு மடங்காக்க நான்கு மடங்கு நேரம் செலவாகும். நோயாளி படுத்திருக்கும் அந்த நேரத்தில் சிறுநீர்ப்பை நிரம்பிக்கொண்டிருக்கிறது. குடலில் வாயு நகர்கிறது. மிக அழகிய படம் கைக்கு வரும்போது, அது சற்று முன்பிருந்த உடலின் படமாகிவிடுகிறது. எல்லையை ஐயமின்றி வரையப் போதுமான தெளிவுடன் விரைவில் கிடைக்கும் படமே எங்களுக்கு நல்ல படம்.

இதற்கு ஒரு சான்று உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்காக லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற மிராஜ் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. சி.டி. வழிகாட்டிய சிகிச்சையில் சுரப்பியைச் சுற்றி 4 மில்லிமீட்டரும், எம்.ஆர்.ஐ. வழிகாட்டிய சிகிச்சையில் 2 மில்லிமீட்டரும் பாதுகாப்பு விளிம்பாக விடப்பட்டன. மிதமான அல்லது அதனினும் கடுமையான உடனடிச் சிறுநீர்த் தொல்லைகள் முதற்பிரிவில் 43.4 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 24.4 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. அதே அளவிலான குடல் தொல்லைகள் 10.5 விழுக்காட்டிலிருந்து சுழியாகக் குறைந்தன. அங்குப் பயன்பட்டது 0.35 டெஸ்லா கருவியே. ஓரிடத்தில், ஒரு நோய்க்காக நடந்த ஆய்வு அது. எல்லாப் புற்றுநோய்க்கும் அதனைப் பொதுவாக்குதல் முறையன்று. எனினும், எண் சிறிதாயினும் நம்பத்தக்க படம் நோயாளிக்கு நன்மை செய்யும் என்பதற்கு அது போதிய சான்று.

இதிலிருந்து இரு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது மருத்துவமனைகளுக்குரியது. டெஸ்லா எண்ணை விளம்பரமாக்காமல், கருவியின் உருத்திரிபு எவ்வாறு சோதிக்கப்படுகிறது, பாதுகாப்பு விளிம்பு எவ்வளவு, அந்த அளவு ஏன் என்பவற்றை நோயாளிக்கு விளங்கும் சொற்களில் கூறவேண்டும். ஒரு நாள் படம் ஐயத்துக்கு இடமாக அமைந்தால், கால அட்டவணையைக் காரணம் காட்டாது சிகிச்சையை நிறுத்தி மீண்டும் படமெடுக்கும் துணிவும் வேண்டும்.

இரண்டாவது, நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியது. சொன்ன அளவில் நீர் அருந்தி வருதல், மலச்சிக்கலை முன்கூட்டியே தெரிவித்தல், உடலினுள் உள்ள உலோகம் அல்லது கருவி எதையும் மறைக்காது கூறல், நெடுநேரம் அசையாது படுத்திருக்க இயலாவிடில் தயங்காது சொல்லுதல் ஆகிய யாவும் படத்தின் தரத்தைச் சார்ந்தவை. வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்போரின் உடல் தன்னை அறியாமலே அசைகிறது. ஒரு தலையணை கேட்டுப் பெறுவது அந்த அசைவைத் தடுக்கும்.

வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர், "ஏன் இன்று இவ்வளவு தாமதம்?" என்று அஞ்சுவதை நாங்கள் அறிவோம். பல நாள்களில் அதற்கு விடை எளியது: முதற்படத்தை எங்களால் நம்ப முடியவில்லை, ஆகவே மீண்டும் எடுத்தோம். அவ்விடையை நீங்கள் கேட்பதற்கு முன்பே வெளியே வந்து சொல்லவேண்டியது எங்கள் பொறுப்பு.